பதிவேட்டில் பிறந்த ஒல்லாந்தர்: இலங்கை டச்சுச் சபைத் திருமணப் பதிவுகளும் மூதாதையர் தேடலும்

1. ஆட்லி தந்த விடை

1829இல் இலங்கைக்கு வந்த கோல்புறூக் விசாரணைக் குழு, தீவின் தலைமை நீதியரசர் சர் ரிச்சர்ட் ஆட்லியிடம் கேட்டவற்றுள் ஒன்று, பறங்கியர் எனப்படுவோர் யார் என்பது. அவர் சொன்ன விடை பின்னாளில் பலராலும் எடுத்தாளப்பட்டது. அதன் சாரம் இது. தகப்பன், பாட்டன், பூட்டன் என ஆண்வழியில் ஏறிப்போனால் அங்கே ஒல்லாந்தரோ போர்த்துக்கேயரோ வேறோர் ஐரோப்பியரோ நிற்க வேண்டும். இடையில் எத்தனை தலைமுறை தீவில் கழிந்திருந்தாலும், வந்து சேர்ந்த பெண்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் கவலையில்லை, பிள்ளைகள் பறங்கியரே. ஆனால் பெற்றோர் முறைப்படி மணம் செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் தாயின் நாடே பிள்ளையின் நாடு.

இக்கட்டுரை அந்தக் கடைசி நிபந்தனையைப் பற்றியது. ஒரே தெருவில், ஒரே தகப்பனுக்கு, ஒரே ஊர்ப் பெண்கள் இருவரிடம் பிறந்த இரண்டு பிள்ளைகளை எண்ணிப் பார்க்கலாம். ஒன்று ஒல்லாந்தர் வழி, மற்றது தமிழர் அல்லது சிங்களவர். இரண்டையும் பிரிப்பது சபைப் பதிவேட்டில் உள்ள ஒரு வரி. அந்த வரியைத்தான் இன்று மெல்பேர்னிலும் டொரண்டோவிலும் இருந்து கொழும்புக்குக் கடிதம் எழுதித் தேடுகிறார்கள். தம் குடும்பம் ஒல்லாந்தர் வழி வந்தது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. குடும்ப வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இதே நம்பிக்கையில்தான் தொடங்குகிறார்கள்.

திருமணப் பதிவு எதற்குச் சான்று என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. பூர்வீகத்துக்கா? அல்லது பூர்வீகம் ஒன்று சட்டப்படி உண்டாக்கப்பட்ட நாளுக்கா?

2. இதுவரை எழுதப்பட்டவை

இத்துறையில் முதற்பெயர் ஆர். ஜி. அந்தோனிஸ். இலங்கை அரசாங்கத்தின் முதல் ஆவணக் காப்பாளரான அவர், கொழும்பில் இருந்த டச்சு ஆவணங்களைப் பற்றி 1907இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். மறு ஆண்டிலேயே டச்சுப் பறங்கியர் சங்கம் அமைந்தது. அதை நிறுவியவர்களில் தலையாயவரும் அவரே. ஆவணங்களின் பூட்டைத் திறந்தவரும், அவற்றிலிருந்து ஒரு சமூகத்தின் எல்லையை வரைந்தவரும் ஒரே மனிதர் என்பதை மறக்கக் கூடாது. அவர் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்தக் கேள்வியோடு ஏட்டைத் திறக்கிறோமோ அந்தக் கேள்விக்குரிய பக்கங்களே நம் கண்ணில் படும்.

சங்கத்தின் இதழ் 1908 முதல் குடும்ப வம்சாவளிகளை வெளியிட்டது. எஃப். எச். டி வொஸ், டி. வி. ஆல்டென்டார்ஃப் போன்றோர் தொகுத்த அவ்வரிசைகள் இன்றும் இத்துறையின் அடித்தளம். ஞானஸ்நான, திருமண ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதப்பட்டவை; பல இடங்களில் மூல ஏடு சிதைந்த பிறகு அச்சான வம்சாவளியே எஞ்சியிருக்கிறது. அவற்றின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஆண் ஒருவர் முதல் எண். அவருடைய ஆண்மக்கள் அடுத்தடுத்த எண்கள். மகள் மணமாகிப் போனால் கணவன் பெயரோடு அவள் கிளை நின்றுவிடும். மனைவிக்கு ஒரு பெயர், கிடைத்தால் தகப்பன் பெயர், அவ்வளவே. ஆண்வழியில், ஒல்லாந்தர் ஆட்சி முடிந்த 1796க்கு முன் இலங்கையில் இருந்த ஐரோப்பியர் ஒருவரைக் காட்டுவது சங்கத்தில் சேருவதற்கான விதி. அதற்குத் தக்கபடியே வம்சாவளியும் வடிவம் கொண்டது.

இந்த வடிவத்தின் மீதான விமரிசனம் வெகுநாள் கழித்தே வந்தது. டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் வெளியிட்ட கட்டுரை, டச்சுப் பறங்கியர், போர்த்துக்கேயப் பறங்கியர் என்ற பிரிவில் வகுப்பு, தொழில், மரியாதை ஆகியவற்றுக்கு இருந்த பங்கை மட்டக்களப்பிலிருந்து பார்த்து எழுதப்பட்டது. மைக்கேல் ராபர்ட்ஸும் உடன் ஆசிரியர்களும் 1989இல் கொண்டுவந்த பெருநூல் பறங்கியரைக் கொழும்பின் நடுத்தர வகுப்பு உருவான கதைக்குள் வைத்தது. கெரிட் க்னாப், 1694ஆம் ஆண்டுக் கொழும்புக் குடிமதிப்பை ஆராய்ந்து, கோட்டையிலும் நகரிலும் வாழ்ந்தோரில் பாதிக்கு மேல் அடிமைகள் என்று காட்டினார். இம்மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தால், வம்சாவளிகளின் முதல் எண்ணில் நிற்கும் தனி ஐரோப்பியரைச் சுற்றி ஒரு பெருங்கூட்டம் நின்றிருந்தது புலப்படும். ஆனால் குடும்பம் தேடும் வாசகர்கள் இந்நூல்களைப் படிப்பது அரிது; ஆய்வாளர்கள் வம்சாவளிகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரு தரப்புக்கும் நட்டம்.

3. பதிவு உண்டான விதம்

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும், 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். கையோடு கொண்டுவந்த திருமணச் சட்டம் ஒல்லாந்து மாகாணத்தின் 1580ஆம் ஆண்டு ஒழுங்கு விதியிலிருந்து வந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவில் 1642இல் தொகுக்கப்பட்ட சட்டங்கள் அதைக் கும்பனியின் ஊர்களுக்கு ஏற்ற வடிவில் தந்தன. மணம் செய்ய விரும்புவோர் முதலில் திருமண விவகார ஆணையர்கள் முன் வந்து பெயர் பதிய வேண்டும். பிறகு தொடர்ந்து மூன்று ஞாயிறுகளில் கோவிலில் அறிவிப்பு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஓலை வாசிப்பு என்று சொல்கிறோமே, அதுதான். தடை சொல்வார் எவரும் இல்லையெனில் போதகர் மணம் முடித்து வைப்பார்.

ஆகவே ஒரு திருமணத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நாள்கள் இருக்கும். நிச்சயப் பதிவின் நாளை மண நாளாக எடுத்துக்கொண்ட வம்சாவளிகள் உண்டு. மூன்று வாரப் பிழைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் நிச்சயம் பதிந்த பின் மணம் நடக்காமலே மாப்பிள்ளை இறந்ததும் கப்பலேறியதும் அக்காலத்தில் அரிதல்ல. நிச்சயப் பதிவை மட்டும் கண்டவர், நடக்காத மணத்திலிருந்து ஒரு கிளையைத் தொடங்கிவிடக்கூடும்.

கும்பனி ஊழியர் மணம் செய்ய அரசின் அனுமதி வேண்டும். விதவையோ மனைவியை இழந்தவரோ மறுமணம் செய்வதென்றால் முதல் மணத்துப் பிள்ளைகளின் சொத்துப் பங்கை அநாதைப் பிள்ளைகள் சபையிடம் கணக்குக் காட்டி ஒதுக்கியிருக்க வேண்டும். ரோமன் டச்சுச் சட்டப்படி கணவன் மனைவி சொத்து ஒன்றாகிவிடுவதால் இந்த ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் அப்படியல்ல. அங்கே தமிழருக்கு முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்ற தனித்தனி வகை இருந்தது. முப்பத்தேழு ஆண்டு அங்கே வாழ்ந்த திசாவை கிளாஸ் இசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமை அதைத்தான் எழுத்தில் கொண்டுவந்தது. கோட்டைக்குள் ஒரு சட்டம், வெளியே இன்னொன்று. ஒரு யாழ்ப்பாணப் பெண் கும்பனி ஊழியரை மணந்தால், சொத்து எந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்பது பெரிய விஷயம். பதிவேட்டின் முதல் வேலை இப்படிச் சொத்துக்கும் வாரிசுக்கும் வழி சொல்வது. வம்சப் பெருமைக்காக யாரும் அதை எழுதவில்லை.

இப்பதிவேடுகளோடு தொடர்புடைய கோவில்களின் பெயரைச் சொல்லிவிடுவோம். கொழும்பில் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறக்கப்பட்ட வுல்வெண்டால், காலிக் கோட்டைக்குள் 1755இல் முடிந்த பெரிய கோவில், யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் சிலுவை வடிவில் எழுந்த கோவில். கடைசியாகச் சொன்னது உள்நாட்டுப் போரில் அழிந்தது. ஏடுகளின் கதி கட்டடங்களின் கதியோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. கட்டடத்துக்கு முந்திய ஏடுகளும் உண்டு, கட்டடம் நின்றும் போன ஏடுகளும் உண்டு.

4. மணமகன் பக்கம்

ஒரு வழக்கமான பதிவில் மணமகனுக்குப் பெயர், ஊர், பதவி ஆகிய மூன்றும் இருக்கும். சிப்பாய், மாலுமி, எழுத்தர், கணக்கர், இளநிலை வணிகர், அல்லது கும்பனி வேலையிலிருந்து விலகிய சுதந்திரக் குடியானவர். தேடுவோர் முதலில் பார்ப்பது ஊரைத்தான். டெல்ஃப்ட், மிடெல்பர்க், ஆம்ஸ்டர்டாம் என்றிருந்தால் மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி சற்றுப் பொறுக்க வேண்டும். 1602 முதல் 1795 வரை கும்பனிக் கப்பல்களில் ஆசியாவுக்குப் புறப்பட்டவர்கள் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். அவர்களில், சிறப்பாகப் பதினெட்டாம் நூற்றாண்டுச் சிப்பாய்களில், பெரும் பங்கினர் ஜெர்மானியச் சிற்றரசுகளிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் பிளாந்தரிலிருந்தும் வந்தவர்கள். மாதம் ஒன்பது கில்டர் சம்பளத்துக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்த ஏழைகள். கொழும்பு எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஜெர்மானிய ஊர்ப்பெயர்களை டச்சு எழுத்தில் எழுதினார். அவர் காதில் விழாதவை ஆம்ஸ்டர்டாம் ஆகியிருக்கவும் கூடும். இலங்கையில் டச்சுப் பறங்கியர் எனப்படும் குடும்பங்களில் கணிசமானவை ஜெர்மானிய ஆண்களிலிருந்து தொடங்குகின்றன என்பதை அச்சான வம்சாவளிகளே மறைக்கவில்லை. பெயரளவில் டச்சு என்றது கும்பனியின் சம்பளப் பட்டியலால் வந்தது.

இதைச் சரிபார்க்க நல்ல கருவி ஒன்று இருக்கிறது. கும்பனியின் ஆறு கிளைகளும் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சம்பளக் கணக்கேடு வைத்திருந்தன. ஊழியன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பக்கம்: பெயர், பிறந்த ஊர், புறப்பட்ட கப்பல், கடன், சம்பளம், வேலை முடிந்த விதம். இறந்தான், திரும்பினான், ஓடிப்போனான், குடியானவன் ஆனான் என்று கடைசி வரியில் எழுதியிருக்கும். நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இவற்றைத் தேடக்கூடிய பட்டியலாக இணையத்தில் வைத்திருக்கிறது. பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டுக்குரியது. திருமணப் பதிவு சொல்லும் பெயரையும் ஊரையும் கணக்கேட்டுப் பக்கத்தோடு பொருத்தினால்தான் மணமகன் ஒரு குறிப்பிட்ட மனிதனாகிறான். யானின் மகன் யான் என்ற வகைப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் உள்ள பட்டியலில், கப்பலின் பெயரும் வந்து சேர்ந்த ஆண்டும் ஒத்துப்போகாமல் ஒருவரை நம்மவர் என்று எடுத்துக்கொள்வது துணிச்சல்.

கணக்கேட்டில் இன்னொரு விவரமும் உண்டு. குடும்ப வரலாறு எழுதுவோர் சிலர் அதைக் கண்டும் காணாமல் போகிறார்கள். ஊருக்குப் போகாத ஊழியன், ஆண்டுக்கு மூன்று மாதச் சம்பளம் வரை வீட்டாருக்குக் கிடைக்கும்படி மாதச் சீட்டு எழுதிக்கொடுக்கலாம். பெறுபவர் தாயாக இருக்கலாம், மனைவியாகவும் இருக்கலாம். கொழும்பில் மணமாகாதவன் என்று பதிந்து மணம் முடித்த ஒருவனின் சம்பளம் ஐரோப்பாவில் ஒரு மனைவிக்குப் போய்க்கொண்டிருந்தால், எந்த ஏடு உண்மை சொல்கிறது? என்னைக் கேட்டால் கணக்கேடுதான். பணம் போகிற இடத்தில் பொய் சொல்வது கடினம்.

5. மணமகள் பக்கம்

பதிவின் மறுபாதி இதுவரை போதிய கவனம் பெறவில்லை. இந்தக் கட்டுரை எழுத நேர்ந்ததே அதனால்தான்.

ஐரோப்பாவிலிருந்து பெண்களை அனுப்பும் திட்டத்தைக் கும்பனி தொடக்கத்திலேயே ஏறக்குறையக் கைவிட்டது. 1646 முதல் 1650 வரை இலங்கையில் ஆளுநராக இருந்த யோவான் மாட்சுயிக்கர், ஊழியர்கள் உள்ளூரில், குறிப்பாகப் போர்த்துக்கேயக் கலப்பினப் பெண்களை மணந்து குடியேறுவதை ஊக்குவித்தார். ஆசியப் பெண்ணை மணந்தவர் குடும்பத்தோடு தாய்நாடு திரும்ப முடியாதபடி கும்பனி வைத்த தடை, வந்தவரை இங்கேயே கட்டிப்போட்டது. குடியேற்றம் ஒன்று வேண்டும், ஆனால் அதன் விளைவு ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் தெரியக் கூடாது என்பது கணக்கு.

எனவே மணமகள் பெயருக்குப் பக்கத்தில் வரும் ஊர்கள் வேறு. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், மன்னார், தூத்துக்குடி, நாகப்பட்டினம், பழவேற்காடு, கொச்சி. சில பெயர்களில் தகப்பன் பெயர் இருக்கும்; அவள் முந்திய தலைமுறைக் கும்பனி ஊழியர் மகள். சிலவற்றில் மெஸ்தீசு, காஸ்தீசு என்ற கலப்புக் குறிப்பு. சிலவற்றில் ஞானஸ்நானப் பெயரும் ஊரும் மட்டும்: மரியா, நாகப்பட்டினத்தவள் என்பது போல. கிறிஸ்தவளாக ஞானஸ்நானம் பெற்ற பிறகே மணம் என்பதால், அவளுடைய முதற்பெயர் ஏட்டுக்குள் வரவே இல்லை. தகப்பன் பெயர் இல்லை, சாதி இல்லை, வீட்டு மொழி இல்லை. குடும்ப மரத்தின் அந்தக் கிளை அங்கேயே முடிகிறது. முடிகிற கிளையை எந்த வம்சாவளியும் தொடங்கவில்லை.

ஆனால் இந்தப் பெண்களைத் தொடர்ந்தால் ஊரின் கதை கிடைக்கிறது. ஆண்கள் காய்ச்சலிலும் போரிலும் விரைவில் இறந்தார்கள்; பெண்கள் இரண்டு, மூன்று முறை மணந்தார்கள். இன்னாரின் விதவை என்ற குறிப்பு மணப் பதிவுகளில் அடிக்கடி வருவது இதனால்தான். ஒரே பெண் ஒரு ஜெர்மானியச் சிப்பாயையும், அவன் இறந்த பின் ஒரு டேனியத் துப்பாக்கி வீரனையும், அதன் பின் ஓர் ஆம்ஸ்டர்டாம் எழுத்தரையும் மணந்திருக்கலாம். அச்சான வம்சாவளியில் அவள் மூன்று தனித்தனிக் குடும்பங்களில் ஒருத்தியாக, சில நேரம் மூன்று விதமான எழுத்தமைப்பில், சிதறிக் கிடப்பாள். அக்குடும்பங்களை இணைத்தவள் அவளே. வீடு, அடிமைகள், கடன், வீட்டில் பேசிய போர்த்துக்கேயக் கிரியோல் எல்லாம் அவள் வழியாகவே அடுத்த கணவனிடம் போயின. ஆண்வழி எண்முறையை விட்டு, ஒரு பெண்ணைச் சுற்றி அவள் கணவர்களையும் பிள்ளைகளையும் ஞானத்தாய் தகப்பன்மாரையும் வைத்து வரைந்தால் முற்றிலும் வேறான வரைபடம் வரும். இந்த வேலை கொழும்புக்கு இன்னும் முறையாக நடக்கவில்லை என்பது என் கருத்து.

ஞானஸ்நானச் சாட்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்க்குத் தகப்பன் பெயர் இல்லாதபோது, அவள் பிள்ளையைக் கையேந்தியவர் யார் என்பது அவள் உறவைக் காட்டும் ஒரே கதவு. பொறுமையான வேலை.

6. பதிவேட்டின் வாசலில் நின்றவர்கள்

பதிவேட்டின் வாசலில் இரு கூட்டம்.

முதலாவது, மதத்தால் உள்ளே வரக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் தருவதையே குற்றமாக்கினர். கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகள் 1806இல் ஆங்கிலேய ஆளுநர் மெயிட்லண்ட் காலத்தில்தான் நீங்கின. அதுவரை சட்டம் ஏற்கும் மணம் சீர்திருத்தச் சபை மணமே. பதவியும் வாரிசுரிமையும் ஞானஸ்நானத்தோடு கட்டப்பட்டிருந்ததால், வீட்டில் கத்தோலிக்கராகவோ சைவராகவோ வாழ்ந்தவர்களும் ஏட்டில் சீர்திருத்தச் சபையினர். கிராமங்களில் பள்ளிக்கூடச் சட்டம்பியார் வைத்திருந்த பள்ளித் தோம்பில் உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானமும் கல்யாணமும் எழுதப்பட்டன. எனவே டச்சுச் சபையில் மணந்தார் என்பது டச்சு வம்சத்துக்குச் சான்றாகாது. பெரும்பாலும் நம்பிக்கைக்கும் சான்றாகாது. டி சில்வா, பெரேரா என்ற பெயர்களை வைத்துப் போர்த்துக்கேயப் பூர்வீகம் பேசுவதை இலங்கையில் யாரும் ஏற்கமாட்டார்கள். டச்சுப் பெயர் என்றவுடன் அந்த எச்சரிக்கை எங்கே போய்விடுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கூட்டம், உள்ளே விடப்படாதவர்கள். அனுமதி கிடைக்காத சிப்பாய்களோடு வாழ்ந்த பெண்கள், வீட்டு அடிமைகள். 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ச் சீமையில் போரும் பஞ்சமும் ஒருசேர வந்தன. அந்த ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலும் சோழமண்டலக் கரையின் பிற துறைகளிலும் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை ஒல்லாந்தருக்கு விற்கப்பட்டதாக மார்க்குஸ் விங்க் கணக்கிடுகிறார். அவர்களில் பலர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். க்னாப் காட்டும் 1694ஆம் ஆண்டுக் கொழும்பில் பாதிக்கு மேல் அடிமைகள் என்றால், அவர்களில் தமிழ்க் கரையிலிருந்து வந்தோர் கணிசம். அடிமைப் பெண் சட்டப்படி மணக்க வேண்டுமானால் முதலில் விடுதலைச் சீட்டு, பிறகு ஞானஸ்நானம். பலருக்கு இரண்டும் வந்தபோது பிள்ளைகள் ஏற்கெனவே பிறந்திருந்தன.

இங்கேதான் ஆட்லியின் நிபந்தனைக்குத் திரும்ப வேண்டும். ரோமன் டச்சுச் சட்டத்தில், பிள்ளை பிறந்த பிறகு பெற்றோர் மணந்தால் பிள்ளை முறைப்படி பிறந்ததாகவே கொள்ளப்படும். ஒரு கலியாணம், முன்பு நடந்ததையும் சேர்த்து மாற்றிவிடுகிறது. நேற்றுவரை அடிமைத் தாயின் பிள்ளை, இன்று ஒல்லாந்தர் பிள்ளை. பதிவேட்டில் ஒரு மணநாளைக் கண்டவுடன் அதற்கு முந்திய ஏழெட்டு ஆண்டு ஞானஸ்நானப் பதிவுகளையும் அடிமை விடுதலைச் சீட்டுகளையும் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால். மணநாளிலிருந்து முன்னோக்கி மட்டும் தேடுவோர் மூத்த பிள்ளைகளைத் தவறவிடுவார்கள், தாயின் நிலையையும் தவறவிடுவார்கள். தேடினவருக்குச் சில நேரம் அது வேண்டாத செய்தியாகவும் இருக்கும்.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். மணம் நடந்தது உண்மை, ஆண் ஐரோப்பியர் என்பதும் கணக்கேட்டால் உறுதி. பின் இரத்த உறவை ஏன் ஐயுற வேண்டும் என்று கேட்கலாம். ஐயுற வேண்டியதில்லை. ஆண்வழியில் அந்த ஐரோப்பியர் நிற்கிறார் என்பதைப் பதிவேடு நன்றாகவே காட்டக்கூடும். ஆனால் ஏழு தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு நூற்று இருபத்தெட்டு மூதாதையர். அவர்களில் ஒருவரை எடுத்து மற்ற நூற்று இருபத்தேழு பேருக்கும் பெயர் சூட்டுவதற்கு இரத்தம் காரணமில்லை. அதற்குச் சட்டமும் சங்க விதியும்தான் காரணம்.

7. ஒண்டாச்சி குடும்பம்

ஆட்லி சொன்ன விதியின் வளைவு எங்கே புலப்படும் என்பதற்கு ஒரு குடும்பம் போதும். 1659இல் ஆளுநர் அட்ரியான் வான் டெர் மெய்டன் தம் மனைவியின் நோய்க்காகத் தஞ்சாவூரிலிருந்து ஒரு மருத்துவரை அழைத்தார், அவர் கொழும்பில் தங்கிக் கிறிஸ்தவராகிப் போர்த்துக்கேய வழிப் பெண்ணை மணந்தார் என்று குடும்ப மரபும் அச்சான வம்சாவளிகளும் சொல்கின்றன. மருத்துவர் தமிழர். நோய் தீர்த்த கதையில் பின்னாளைய மெருகு இருக்கலாம். ஆனால் பின் நடந்தவை உறுதியானவை. அவர் வழியில் வந்த வில்லம் ஜூரியான் ஒண்டாச்சி சீர்திருத்தச் சபைப் போதகரானார். மணந்தது ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஹெர்மினா குவிண்டை. 1758இல் கொழும்பில் பிறந்த அவர்கள் மகன் குவிண்ட் ஒண்டாச்சி, உட்ரெக்ட் நகரில் படிக்கப் போய், 1780களில் அங்கே எழுந்த தேசபக்தர் இயக்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார். 1818இல் பத்தாவியாவில் இறந்தார்.

நெதர்லாந்தின் அரசியல் வரலாற்றில் தனி இடம் பெற்றவர், தாய் ஆம்ஸ்டர்டாம் பெண், தகப்பன் டச்சுச் சபையின் போதகர், வீட்டு மொழி டச்சு. ஆட்லியின் விதியை எழுத்தின்படி எடுத்தால் இவர் பறங்கியர் ஆகமாட்டார். ஆண்வழியின் உச்சியில் நிற்பது தஞ்சாவூர்த் தமிழர். பிறந்த நாளிலிருந்து ஐரோப்பாவைக் கண்டிராத, போர்த்துக்கேயக் கிரியோல் மட்டும் பேசிய, தாயும் பாட்டியும் தமிழ்ப் பெண்களான, ஐரோப்பியச் சிப்பாய் ஒருவரின் பேரன், கலியாணப் பதிவு கையில் இருந்தால் பறங்கியர். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தினால் விதி எதை அளந்தது என்று புரியும். அதே 1659இல் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து இன்னும் ஆயிரக்கணக்கானோர் கடல் தாண்டினார்கள், அழைப்பு இல்லாமல். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர் டச்சுப் பறங்கியர் ஆனதற்குக் காரணம் பாட்டி வழியில் நடந்த ஒரு மணம்.

இந்தக் குடும்பத்தின் வழிவந்த எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி, 1982இல் வெளியான தம் குடும்ப நினைவு நூலில் கொழும்புப் புனித தோமையார் கோவிலின் பழைய ஏடுகளைப் புரட்டுவதை எழுதியிருக்கிறார். அந்நூலைப் பறங்கியர் நினைவாக மட்டும் படிப்பவர்கள், அவருடைய ஆண்வழி சோழமண்டலக் கரைக்குத் திரும்புவதைப் பெரும்பாலும் வேடிக்கைத் தகவலாகக் கடந்துவிடுகிறார்கள்.

8. தேடல் எங்கே திரும்ப வேண்டும்

நடைமுறையில் இதன் பொருள், கொழும்பு ஏட்டில் நின்றுவிட்ட கிளைகளைக் கடலின் இக்கரையில், இந்தியப் பக்கத்தில், தேட வேண்டும் என்பதே. மணமகன்களுக்காக ஹேக் நகர ஆவணக் காப்பகத்துக்கு எழுதும் கடிதங்கள் ஏராளம். மணமகள்களுக்காக நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் பார்த்தவர் சிலர்.

இங்கே கிடைப்பவை குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. நாகப்பட்டினம் 1690இல் சோழமண்டல டச்சு ஆட்சியின் தலைமையிடமாகி 1781இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது; கோட்டையும் கோவிலும் இருந்த ஊரில் இப்போது கல்லறைக் கற்களே பேசுகின்றன. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்களின் டச்சுக் கல்லறைகளில் பிறந்த ஊரும் கணவன் பெயரும் வெட்டப்பட்ட பெண்கள் பலர். சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளை ஜே. ஜே. காட்டன் 1905இல் தொகுத்தார்; இலங்கைக்கு லுடோவிசி 1877இலும் பென்ரி லூயிஸ் 1913இலும் அதே பணியைச் செய்தார்கள். மூன்று தொகுப்பையும் ஒன்றாக வைத்துப் பெண்களின் பெயரால் அகரவரிசைப்படுத்தினால், ஒரே குடும்பங்களின் சகோதரிகள் பாக்கு நீரிணையின் இருபுறமும் மணமாகிப் போயிருப்பதைக் காணலாம். கொச்சிப் புனித பிரான்சிஸ் கோவிலில் 1751 முதல் 1804 வரையிலான ஞானஸ்நான, திருமண ஏடு இருக்கிறது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் டச்சுத் தொகுதிகள் பெரும்பாலும் கொச்சியிலிருந்து வந்தவை. அவற்றில் உயில்களும் சொத்துப் பட்டியல்களும் உண்டு. உலக நினைவுப் பதிவேட்டில் 2003இல் யுனெஸ்கோ சேர்த்த கும்பனி ஆவணங்களில் இவையும் சேர்ந்தவை. கொழும்புத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளவற்றுக்கு எம். டபிள்யூ. யூரியான்சே 1943இல் செய்த பட்டியல் இன்றும் வழிகாட்டி.

உயில்களிலிருந்து தொடங்குவதே நல்லது. சாகும்போது ஒரு விதவை, தன் அக்காள் மகளுக்கு நகையும், ஞானஸ்நானம் பெற்ற அடிமைப் பெண்ணுக்கு விடுதலையும், இன்னொரு ஊரில் இருக்கும் தம்பிக்குப் பணமும் எழுதிவைப்பாள். கலியாணப் பதிவில் ஊர்ப்பெயராக மட்டும் நின்றவளுக்கு அந்த ஒரு தாளில் அக்காளும் தம்பியும் வந்துவிடுகிறார்கள். அவர்கள் பெயரை எடுத்துக்கொண்டு கொச்சி ஏட்டுக்கோ நாகப்பட்டினக் கல்லறைப் பட்டியலுக்கோ போகலாம்.